ஆட்டோ கியர் இ46-ஐ மேனுவலாக்குவது: பாதி வேலை காருக்கு அடியில், மீதி அதன் மூளையில்

பி.எம்.டபிள்யூ 3 வரிசையின் இ46 தலைமுறை 1998-இல் வந்தது, 2006 வரை ஓடியது. ஆறு சிலிண்டர் இன்ஜின், பின் சக்கர இழுவை, அதோடு மேனுவல் கியர் உள்ள கார்களை வைத்திருப்பவர்கள் எளிதில் விற்பதில்லை. கியர்பாக்ஸ் சோர்ந்து ரிவர்ஸ் விழ மறுக்கும் ஆட்டோமேட்டிக் கார்களோ மலிவாகக் கிடைக்கின்றன. அந்த ஆட்டோ பாக்ஸை ரிப்பேர் செய்ய ஆகும் பணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேனுவலாக மாற்றுவது ஆசைக்காகச் செய்யும் வேலையாக மட்டும் தெரியாது.

இந்த வேலைக்கு இ46 ஏற்ற கார். தொழிற்சாலை இரண்டு வகைக்கும் ஒரே பாடியைத்தான் அடித்தது. கியர்பாக்ஸ் தாங்கிக்கான போல்ட் இடங்கள், கிளட்ச் ஹைட்ராலிக் குழாய் நுழைய ஃபயர்வாலில் (இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகடு) ஓட்டை (ஆட்டோ காரில் மூடி போட்டிருக்கும்), கியர் கம்பி ஏறிவரும் டனல் (தரையின் நடுவே ஓடும் மேடு) திறப்பு எல்லாம் தயாராகவே இருக்கும். வெல்டிங்கும் கட்டிங்கும் தேவையில்லை. நான்கு சக்கர இழுவை உள்ள எக்ஸ்.ஐ. கார்கள் மட்டும் விலக்கு. அங்கே முன் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் கூடவே மாறும், கணக்கு கட்டுபடியாகாது.

ஆனால் இந்த வேலையைத் தொடங்கும் பலர் நம்புவதுபோல் கடினமான பகுதி கியர்பாக்ஸைத் தூக்கி மாட்டுவது அல்ல. அது கனமான வேலை, அவ்வளவுதான். பாதியில் நின்று தார்ப்பாய் போர்த்தப்பட்டுக் கிடக்கும் கார்கள் இரண்டே காரணங்களால் நிற்கின்றன. ஒன்று, சில்லறைச் சாமான் ஒன்று வாங்க விட்டுப்போனது. மற்றது, தன்னிடம் இன்னும் ஆட்டோ கியர் இருப்பதாகவே நம்பும் கம்ப்யூட்டர்.

எந்த பாக்ஸ், எந்த டிஃபரன்ஷியல்

323ஐ, 325ஐ கார்களில் கெட்ராக் கம்பெனியின் ஐந்து கியர் பாக்ஸ் வந்தது. 328ஐ, 330ஐ கார்களில் அதைவிடத் திடமான, இசட்.எஃப். கம்பெனியின் ஐந்து கியர். 330-இல் 2003-ஐ ஒட்டி இசட்.எஃப். ஆறு கியர் வந்தது. ஆறு கியர் பெட்டி என்றதும் எல்லோர் கண்ணும் விரியும், விலையும் ஏறும். வாங்கும் முன் விகிதங்களைப் பார்த்துவிடுவது நல்லது (எண் சிறிதானால் அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும்). இசட்.எஃப். ஐந்து கியரில் முதல் கியர் 4.21, கடைசி கியர் நேர் 1.00. ஆறு கியரில் ஐந்தாவதுதான் 1.00, ஆறாவது 0.85. ஆட்டோ பாக்ஸில் ஐந்தாவது 0.74-ஐ ஒட்டி இருக்கும்.

கடைசி கியர் இப்படி நீளமாக இருப்பதால் ஆட்டோ கார்களுக்குப் பெரும்பாலும் குட்டை விகித, அதாவது பெரிய எண் கொண்ட, டிஃபரன்ஷியலை (இழுவையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) கொடுத்தார்கள். அதை அப்படியே விட்டுவிட்டு ஐந்து கியர் மேனுவலை மாட்டினால் என்ன ஆகும்? 205/55 ஆர்16 டயர் 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 840 முறை சுற்றும். டிஃபரன்ஷியல் 3.46 என்றால் பழைய ஆட்டோவில் இன்ஜின் 2,150 ஆர்.பி.எம்.-இல் இருந்திருக்கும். ஐந்து கியர் மேனுவலில் அதே வேகத்துக்கு 2,900. நெடுஞ்சாலையில் 120 தொட்டால் 3,500-ஐ நெருங்கும். ஊருக்குள் கார் துள்ளிக்கொண்டு ஓடும், நீண்ட பயணத்தில் காது வலிக்கும், பெட்ரோல் கரையும். மேனுவல் 325ஐ-க்குக் கம்பெனி கொடுத்த 3.07-ஐப் போட்டால் 2,580-இல் அடங்கும். 3.46-ஐ வைத்துக்கொண்டே ஆறு கியரைப் போட்டால் ஆறாவதில் 2,470.

அதனால் முதலில் காருக்கு அடியில் படுத்து, டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டில் தொங்கும் தகட்டில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். எண் 3.2-க்கு மேல் இருந்தால் இரண்டில் ஒன்று: ஆறு கியர் பாக்ஸ், அல்லது ஐந்து கியரோடு மேனுவல் காரின் டிஃபரன்ஷியல். பின்னதுதான் என் கட்சி. ஐந்து கியரும் பொருந்திய டிஃபரன்ஷியலும் சேர்த்து வாங்கினாலும் தனி ஆறு கியரை விடக் குறைவாகவே முடியும். டிஃபரன்ஷியலை மாற்றினால் ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டுமோ என்ற பயம் வேண்டாம். இ46-இல் வேகம் பின்சக்கர ஏ.பி.எஸ். சென்சாரிலிருந்து வருகிறது.

டிஃபரன்ஷியலைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பின் ஆக்ஸிலைத் தாங்கும் சட்டம் பாடியோடு சேரும் நான்கு இடங்களில் தகடு கீறல் விடுவது இ46-இன் பேர்போன நோய். ஆட்டோவில் கிளட்ச்சின் இடத்தில் ஆயிலால் இயங்கும் கன்வர்ட்டர் உதறலை விழுங்கிக்கொள்ளும், கிளட்ச் விழுங்காது. கீறல் இருந்தால் முதலில் அதை வெல்டு செய்து, தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். மேனுவல் ஆசை அதற்குப் பிறகு.

கொள்முதல்

சாமானைத் தனித்தனியாகத் தேடுவதைவிட, அடிபட்ட மேனுவல் கார் ஒன்றை முழுசாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். முடியாவிட்டால், காரை உடைப்பவரிடம் ஒரே காரின் சாமான் முழுவதையும் கேட்க வேண்டும். கியர்பாக்ஸ், அதன் தாங்கி, புரொப்பல்லர் ஷாஃப்ட் (பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு ஓடும் தண்டு), ஃப்ளைவீல் (கிளட்ச் பிடிக்கும் கனச் சக்கரம்), பெடல் செட், மாஸ்டர் சிலிண்டர் (கிளட்ச் பெடல் அழுத்துவது), அதிலிருந்து கீழே போகும் குழாய், கியர் லீவர், அதைத் தாங்கும் அலுமினியக் கை, பின்பக்கம் அந்தக் கை பாடியில் பதியும் ரப்பர், கன்சோல் பூட், டனல் ஓட்டையை மூடும் ரப்பர் என்று எல்லாம் அதில் அடங்கும். கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு வாங்குங்கள். ஆட்டோவின் போல்ட் நீளம் வேறு. பாக்ஸை இன்ஜினோடு நேராக உட்காரவைக்கும் இரண்டு டவல் குழல்களும் அதே பையில் வரட்டும்.

வலதுபக்க ஸ்டீயரிங் கார் என்றால் கியர்பாக்ஸ் எங்கிருந்து வந்தாலும் சரி, பெடல் செட்டும் ஹைட்ராலிக் குழாயும் வலதுபக்கக் காரிலிருந்தே வர வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று இடங்களில் இவை கிடைக்கும். தென்னாப்பிரிக்காவின் ராஸ்லின் ஆலையில் இ46 தயாரானதால் அங்கே சரக்கு உண்டு.

பழையதாக வாங்கக் கூடாதவை: கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் (பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்குவது), ஸ்லேவ் சிலிண்டர் (பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளுவது), ஃப்ளெக்ஸ் டிஸ்க் (பாக்ஸையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் இணைக்கும் ரப்பர் வட்டு), ஃப்ளைவீல் போல்ட்டுகள் எட்டு, கிராங்க் பின் சீல், கியர்பாக்ஸின் மூன்று சீல்கள் (இன்புட், அவுட்புட், செலக்டர் ராடு). செலக்டர் ராடு சீல் அற்பக் காசுதான். அதை மாற்றாமல் பாக்ஸை மேலே ஏற்றியவர்கள் ஆறு மாதத்தில் மறுபடி அடியில் படுத்திருப்பார்கள்.

ஃப்ளைவீல் இரட்டை எடை வகை, உள்ளே ஸ்பிரிங் இருக்கும். பழையதை எடுத்தால் இரு பாதிகளையும் எதிரெதிராகக் கையால் திருப்பிப் பாருங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடினாலோ, கிரீஸ் வெளியே தெறித்திருந்தாலோ அது பழைய இரும்பு. ஒற்றை எடை ஃப்ளைவீல் மலிவு, லேசு. ஆனால் நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் கடகடக்கும். டிராக்கில் ஓட்டுபவருக்குப் பரவாயில்லை, குடும்பத்தோடு போகும் காருக்கு வேண்டாம்.

கழற்றுதல்

இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. பேட்டரி, சைலன்சர், வெப்பத் தகடு, புரொப்பல்லர் ஷாஃப்ட், ஆயில் கூலர் குழாய்கள் என்ற வரிசையில் போகலாம். கன்வர்ட்டரை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு (ஆட்டோவில் ஃப்ளைவீல் இடத்திலிருக்கும் மெல்லிய தகடு) இணைக்கும் போல்ட்டுகளை இன்ஜின் ஓரத்துத் துளை வழியே, கிராங்கைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பாக்ஸ் இறங்கும்போது கன்வர்ட்டர் அதனோடு ஒட்டியே வர வேண்டும். நழுவினால் பல லிட்டர் ஆயில் முகத்தில்தான். பாக்ஸ் இருவர் தூக்கினாலும் கனம், டிரான்ஸ்மிஷன் ஜாக் இல்லாமல் தொடாதீர்கள். மேல் போல்ட்டுகள் வெளிப்புற டார்க்ஸ் தலை கொண்டவை. இ10, இ12, இ14 சாக்கெட்டுகள் வேண்டும். இன்ஜினின் பின்பக்கத்தைக் கொஞ்சம் சாயவிட்டு, ஒரு மீட்டர் அளவுக்கு நீட்டிப்புக் கம்பிகளைக் கோத்துப் பின்னாலிருந்து எட்டித் திருப்பினால் வரும்.

கூலரை எடுத்ததும் ரேடியேட்டர் பக்கம் ஒரு கேள்வி எழும். ஆட்டோ ஆயிலைக் குளிர்விக்கும் பெட்டி ரேடியேட்டர் தண்ணீரில்தான் இயங்குகிறது, அதன் தெர்மோஸ்டாட் எக்ஸ்பான்ஷன் டேங்க் உட்காரும் தட்டில் இருக்கிறது. மேனுவல் காரின் தட்டு வேறு, அதில் அந்த வழி அடைத்திருக்கும். அந்தத் தட்டையே வாங்கிப் போடுங்கள். குழாயை மடக்கிக் கிளிப் போட்டு அடைப்பவர்கள் ஒரு நாள் தண்ணீர் முழுவதையும் சாலையில் இழப்பார்கள்.

கிளட்ச்

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. ஆட்டோ காரின் கிராங்க் முனையில் பைலட் பேரிங் இருக்காது. குழியைத் துடைத்து, பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் படுகிற சாக்கெட் ஒன்றை வைத்துத் தட்டி இறக்க வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் பேரிங் அன்றே போனது, ஆனால் கிளட்சை மிதிக்கும்போது கிறீச்சிட்டு அது தெரியச் சில வாரம் ஆகும். இதை மறந்துவிட்டு ஃப்ளைவீலை மாட்டிவிட்டால் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் முன்முனையில் பிடியில்லாமல் ஆடி, கியர்பாக்ஸையே தின்றுவிடும்.

ஃப்ளைவீல் போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, குறுக்குமறுக்காக 105 நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும். ஆட்டோவின் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கு உள்ள எண்ணும் போல்ட்டும் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பிளேட்டின் ஒரு முகத்தில் 'கெட்ரீபஸைட்டே' என்று ஜெர்மனில் அச்சிட்டிருக்கும். அந்த முகம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் அதன் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டுகளில் இடிக்கும். கிளட்ச் எவ்வளவு மிதித்தாலும் விடாது, குழாயில் காற்று இருக்கிறது என்று நினைத்து அதை வெளியேற்ற நாள் கணக்கில் பிளீட் செய்துகொண்டிருப்பீர்கள்.

பிரஷர் பிளேட் தானே தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் வகை. அதற்கென்று ஒரு கருவி உண்டு: மூன்று கொக்கிகள் பிளேட்டின் விளிம்பைப் பிடிக்க, நடுத் திருகு டயஃப்ரம் ஸ்பிரிங்கை அழுத்தும். அழுத்திய நிலையில் ஆறு போல்ட்டையும் கையால் ஓட்டி, பிறகு முறுக்கி, கடைசியில் கருவியைத் தளர்த்துவது. கருவியில்லாமல் போல்ட்டை வைத்தே இழுத்து இறுக்கினால், உள்ளே உள்ள சரிசெய் வளையம் தேய்ந்த பிளேட்டுக்கான நிலைக்கு நழுவிவிடும். புது கிளட்ச் முதல் நாளே பழசுபோல் பிடிக்கும். நடுப்படுத்தும் பிளாஸ்டிக் குச்சி கிளட்ச் கிட்டோடு வரும். அது லேசாக உள்ளே போய் வெளியே வந்தால் பிளேட் நடுவில் இருக்கிறது.

ரிலீஸ் ஃபோர்க் உட்காரும் மணி போன்ற பிளாஸ்டிக் முனை உடையக்கூடியது. பித்தளையில் கிடைக்கிறது, போட்டுவிடலாம். இன்புட் ஷாஃப்டின் பல்லில் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும். மிஞ்சினால் பிளேட்டில் தெறித்து நழுவும்.

ஏற்றுதல்

பாக்ஸை ஜாக்கில் ஏற்றும் முன்பே ரிவர்ஸ் விளக்கு சுவிட்ச்சின் வயரை மாட்டி நீளமாக விட்டுவிடுங்கள். கியர் கம்பி மூட்டையும் அதன் பின்னையும் மாட்டிவிடுங்கள். ஏறிய பிறகு அங்கே விரல் போகாது. அலுமினியக் கையை முன்னால் பிடிக்கும் பின் (ஊசி), பாக்ஸின் மேல் முதுகில் இருக்கிறது. பாக்ஸ் இன்ஜினோடு சேர்ந்து, தாங்கி இன்னும் போடாமல் பின்முனை தாழ்ந்திருக்கும்போதுதான் அதைச் செருக முடியும்.

பாக்ஸ் கடைசி இரண்டு சென்டிமீட்டரில் நின்றுவிடுவது வழக்கம். பாக்ஸைக் கியரில் போட்டு, பின் ஃப்ளாஞ்சைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் பல் சேரும். சேரவில்லையென்றால் பிளேட் நடுவில் இல்லை, அல்லது இரண்டு முகங்களும் இணையாக இல்லை. போல்ட்டைப் போட்டு இழுக்கவே கூடாது. இழுத்தால் பிளேட்டின் நடு வளையும், அல்லது பெல் ஹவுசிங்கின் (பாக்ஸ் இன்ஜினோடு சேரும் முன்கூடு) காது தெறிக்கும். சேர்ந்த பிறகு எம்8 போல்ட் 22, எம்10 43, எம்12 72 நியூட்டன் மீட்டர்.

ஆயில் நிரப்பும் முன் ஒரு விதி: பாக்ஸ் தரையில் கிடக்கும்போதே நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும். ஐந்து கியர் பாக்ஸுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் லிட்டர். கார் சமதளத்தில் நிற்க, ஓட்டையில் வழியும்வரை ஊற்றினால் சரி.

புரொப்பல்லர் ஷாஃப்ட் மேனுவலுக்கு உரிய நீளத்தில் இருக்க வேண்டும், ஆட்டோவினது பொருந்தாது. நடு பேரிங்கை அதன் இயல்பான இடத்திலிருந்து 4 முதல் 6 மி.மீ. முன்னால் தள்ளி வைத்து இறுக்குவது பி.எம்.டபிள்யூ முறை. இதை விட்டால் புறப்படும்போது ஒரு நடுக்கம் வரும், எல்லோரும் கிளட்சைத் திட்டுவார்கள். ஃப்ளெக்ஸ் டிஸ்கில் உள்ள அம்புக்குறிகள் ஃப்ளாஞ்சின் கையை நோக்க வேண்டும். அங்கே போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும். போல்ட்டைத் திருப்பினால் ரப்பர் முறுகி சீக்கிரம் கிழியும்.

பெடலுக்கு ஸ்டீயரிங்கின் கீழ்ப் பலகையை எடுத்தால் வழி கிடைக்கும். ஆட்டோவின் அகலப் பிரேக் பெடலும் இப்போதே மாறும். கிளட்ச் மாஸ்டருக்கு ஆயில் பிரேக் டப்பாவிலிருந்தே வருகிறது. ஆட்டோ டப்பாவில் அந்த மூக்கு அடைத்திருந்தால் மேனுவல் டப்பா வாங்குங்கள். மூக்கை டப்பாவில் உயரத்தில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: கிளட்ச் ஒழுகினாலும் பிரேக்குக்கான ஆயில் மிச்சம் இருக்கும். தானே துளைபோட்டு கீழே மூக்கு வைப்பவர்கள் அந்தப் பாதுகாப்பைத் தொலைக்கிறார்கள். காற்று எடுக்கும்போது ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி, பிளீட் நிப்பிள் மேலே பார்க்க, தண்டை முழுசாக உள்ளே அழுத்திப் பிடித்துச் செய்தால் ஒரே தடவையில் முடியும்.

தன்னை ஆட்டோ என்று நம்பும் கார்

இப்போது சாவியைத் திருப்பினால் பெரும்பாலும் ஸ்டார்ட்டர் அசையாது. திருட்டுத் தடுப்புப் பெட்டியான ஈ.டபிள்யூ.எஸ்., லீவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருப்பதாகச் செய்தி வந்தால்தான் ஸ்டார்ட்டரை விடும். அந்த வயரை நிரந்தரமாக இணைத்துவிடுவது குறுக்கு வழி. கார் ஸ்டார்ட் ஆகும், கியரில் இருந்தாலும் ஆகும். சுவரோடு நிறுத்திய காரை ஜன்னல் வழியே கைநீட்டி ஸ்டார்ட் செய்பவருக்கு அது ஆபத்து. கிளட்ச் பெடல் சுவிட்ச் வழியாக அந்த இணைப்பைக் கொண்டுபோனால் மிதித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகும். அமெரிக்க மேனுவல் கார்கள் அப்படித்தான் வந்தன.

சாவி வெளியே வரவில்லை என்பது அடுத்த புகார். சில நாட்டு ஆட்டோ கார்களில் லீவரிலிருந்து இக்னிஷன் பூட்டுக்கு ஒரு கேபிள் ஓடும், பார்க்கில் போடாமல் சாவியை விடாது. லீவரை எடுக்கும்போதே பூட்டு முனையிலும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

கிளட்ச் சுவிட்ச்சின் செய்தி இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் போக வேண்டும். போகாவிட்டால் க்ரூஸ் கன்ட்ரோலில் போகும்போது கிளட்சை மிதித்தால் இன்ஜின் அலறும். ரிவர்ஸ் விளக்குக்கும் ஆட்டோவில் செய்தி வந்த வழி வேறு. பாக்ஸின் சுவிட்ச்சிலிருந்து புதிதாக வயர் இழுக்க வேண்டும்.

கியர் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டால் மற்றவை அதைத் தேடும். இன்ஜின் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸிடமிருந்து பதில் இல்லை என்று குறை பதிந்து எச்சரிக்கை விளக்கை எரியவிடும். மீட்டரில் கியர் எழுத்து இருந்த இடம் கோளாறு காட்டும். இதற்கு மருந்து இரண்டு படி. முதல் படி, இன்ஜின் கம்ப்யூட்டரில் மேனுவலுக்கான மென்பொருளை ஏற்றுவது. எம்52 கடைசி வகை இன்ஜினுக்கு வந்த கம்ப்யூட்டர் பெட்டி எம்.எஸ்.42, எம்54 இன்ஜினுக்கு எம்.எஸ்.43, கடைசி ஆண்டுகளின் சில கார்களுக்கு எம்.எஸ்.45. உங்கள் பெட்டி எது என்று ஸ்டிக்கரில் பார்த்து அதற்குரிய கோப்பைத்தான் ஏற்ற வேண்டும். அடிபட்ட காரின் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடலாமே என்று தோன்றும். அது அந்தக் காரின் ஈ.டபிள்யூ.எஸ்., சாவியோடு கட்டுண்டது, தனியாக வந்தால் இன்ஜின் உயிர்பெறாது. உங்கள் பெட்டியையே வைத்துக்கொள்வது தலைவலி குறைந்த வழி. ஏற்றும்போது பேட்டரியில் நிலையான சார்ஜர் இருக்கட்டும். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் பெட்டி செத்துவிடும்.

இரண்டாம் படி, காரின் ஆர்டர் விவரத்திலிருந்து ஆட்டோமேட்டிக் கியரைக் குறிக்கும் 205 என்ற எண்ணை நீக்கி, ஈ.டபிள்யூ.எஸ்., மீட்டர், டி.எஸ்.சி. (கார் வழுக்காமல் காக்கும் பெட்டி) மூன்றையும் மறுபடி கோடிங் செய்வது. என்.சி.எஸ். எக்ஸ்பர்ட் என்ற பழைய டீலர் மென்பொருளும் ஒரு கேபிளும் ஒரு பழைய லேப்டாப்பும் போதும். டி.எஸ்.சி.யை விட்டுவிடுபவர்கள் அதிகம். அதையும் செய்யுங்கள், வழுக்கும்போது இன்ஜினைக் கட்டுப்படுத்துவது அதுதான். கோடிங் தெரியாதவர் இந்த இரு படிக்கும் ஆளைக் கண்டுபிடித்துப் பேசிவைத்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

சட்டப் பக்கம்: இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். பிரிட்டனில் ஆட்டோ கியருக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தவர் இந்தக் காரைத் தனியாக ஓட்ட முடியாது.

முதல் ஸ்டார்ட் பின்சக்கரங்கள் தரையைத் தொடாமல், ஸ்டாண்டில். கிளட்சை மிதித்தபடி ஒவ்வொரு கியரும் விழுகிறதா, விட்டால் சக்கரம் சுற்றுகிறதா, மிதித்தால் நிற்கிறதா என்று பாருங்கள். ரிவர்ஸ் மட்டும் உறுமினால் கிளட்ச் முழுசாக விடவில்லை, காற்று மிச்சம். நியூட்ரலில் கிளட்சை விட்டால் சத்தம், மிதித்தால் நிற்கிறது என்றால் ஃப்ளைவீல் அல்லது இன்புட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் சத்தம் என்றால் ரிலீஸ் அல்லது பைலட் பேரிங். சில நூறு கி.மீ. மெதுவாக ஓட்டி பிளேட் படிந்த பிறகு, ஒரு முறை தூக்கி ஃப்ளெக்ஸ் டிஸ்க் நட்டுகளையும், நடு பேரிங்கையும், பெல் ஹவுசிங்கின் கீழ் விளிம்பில் ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஈரம் இன்ஜின் ஆயிலாக இருந்தால் கிராங்க் சீல், கியர் ஆயில் வாடை அடித்தால் இன்புட் சீல், பிரேக் ஆயில் என்றால் ஸ்லேவ் சிலிண்டர். முதல் இரண்டுக்கும் பாக்ஸ் மறுபடி இறங்க வேண்டும், மூன்றாவதற்கு இரண்டு நட்டுதான்.